ஊரைக் கூட்டிச் சொல்வது

2022 ஏப்ரல் கடைசி வாரத்தில் ஆம்பூர் அருகே ஒருவர் தன்னுடைய ஓலா மின்சார ஸ்கூட்டரைச் சாலையோரம் நிறுத்திப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். போகிற வழியில் வண்டி நின்றுவிட்டது, கஸ்டமர் கேரில் பேசியும் உடனே ஆள் வரவில்லை என்று செய்திகளில் காரணம் வந்தது. வண்டி எரியும் வீடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. அதே மாதம் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் இன்னொருவர் அதே நிறுவனத்தின் ஸ்கூட்டரைக் கழுதையில் கட்டித் தெருத்தெருவாக இழுத்துப்போனார். இந்த நிறுவனத்தை நம்பாதீர்கள் என்று எழுதிய பதாகையும் கூடவே போனது.

கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இந்த இரண்டுமே விளங்காது. ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பொருளை எரித்தால் நஷ்டம் எரித்தவருக்குத்தான். கழுதை இழுத்தால் பேட்டரி சரியாகிவிடாது. ஆனாலும் இந்த இரண்டு வீடியோக்களையும் பார்த்த யாரும், ‘இவருக்கு என்ன பைத்தியமா’ என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. பார்த்த உடனே புரிந்தது. செம்புள்ளி கரும்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே.

பிடிக்காத பிராண்டைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதுகிற எல்லோரும் சின்ன அளவில் இதைத்தான் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். இருநூறு ரூபாய் பார்சலில் ஒரு பொருள் விடுபட்டதற்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஸ்கிரீன்ஷாட் வெட்டி, வரிசைப்படுத்தி, பதினோரு பகுதிகளாக எழுதுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. மாதச் சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் அந்த இரண்டு மணி நேரத்தின் விலை பார்சலின் விலையைவிட அதிகம். அது அவர்களுக்கும் தெரியும். பிறகு ஏன் எழுதுகிறார்கள்?

இதற்கு நிர்வாகவியல் ஆய்வாளர்களிடம் ஒரு தெளிவான பட்டியல் இருக்கிறது. ஹெக்னர், ஃபெட்ஷெரின், வான் டெல்சன் ஆகிய மூவரும் 2017இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை பிராண்ட் வெறுப்புக்கு மூன்று காரணங்களைச் சொல்கிறது. ஒன்று, நேரடியாகப் பட்ட மோசமான அனுபவம். இரண்டு, அந்த பிராண்ட் குறிக்கும் ஆளுமை நம்முடைய ஆளுமையோடு ஒட்டாமல் இருப்பது. மூன்று, அதன் நடத்தை நம் அறத்துக்கும் கொள்கைக்கும் முரணாக இருப்பது. வெறுத்தவர் செய்யக்கூடியதும் மூன்று: ஒதுங்கிப்போவது, நாலு பேரிடம் கெட்டதாகச் சொல்வது, பழிவாங்குவது.

பட்டியல் சரிதான். ஆனால் வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு விளக்கம் இருக்கிற அளவுக்கு, அது ஏன் *எல்லோர் முன்னாலும்* வெளிவர வேண்டும் என்பதற்கு அதில் விளக்கம் இல்லை. வெறுப்பை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாமே. அடுத்த முறை வேறு கடையில் வாங்கிக்கொள்ளலாமே.

*

பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய ஒரு சிறிய புத்தகம் இந்தக் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் அருகில் போகிறது. ஒரு நிறுவனம் கெட்டுப்போனால் அதை நம்பியிருப்பவர்களுக்கு இரண்டு வழி என்கிறார் அவர். வெளியேறலாம், அல்லது குரல் எழுப்பலாம். எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை விசுவாசம் ஓரளவு தீர்மானிக்கிறது. அவருக்கு இந்த யோசனையைத் தந்தது நைஜீரிய ரயில்வே. ரயில் சேவை மோசமாகிக்கொண்டே போனபோதும் அது திருந்தவில்லை. காரணம், சத்தம் போட்டுக் கேள்வி கேட்டிருக்கக்கூடிய வியாபாரிகள் எல்லாம் லாரிக்கு மாறிப் போய்விட்டார்கள். கதவு திறந்திருந்தால் குரல் குறைந்துவிடும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் நம்ம ஊர் புரிகிறது. தருமபுரியிலோ அரூரிலோ பாலக்கோட்டிலோ ஒருவர் தவணையில் ஸ்கூட்டர் வாங்குகிறார். வண்டி வீட்டு வாசலில் கெட்டு நிற்கிறது, இ.எம்.ஐ. மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் போகிறது. இதிலிருந்து அவர் எங்கே வெளியேற முடியும்? பிடிக்காத சோப்பை மாற்றுகிற மாதிரி, பாதிக் கடன் மிச்சமிருக்கிற வண்டியை மாற்ற முடியாது. கதவு சாத்தியிருக்கிறது. அதனால் குரல் வருகிறது.

விசுவாசம் பற்றி அவர் சொன்னதையும் நம் டைம்லைனில் பார்க்கலாம். பத்துப் புகார்ப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, கவிதை வாசிக்கிற கவனத்தோடு வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே அமைப்பு. முதல் வரியில் உறவு சொல்லப்படும்: ‘அஞ்சு வருஷமா உங்க கஸ்டமர்’, ‘எங்க வீட்ல மூணு பேருக்கு இந்த கம்பெனி போன்தான்’. அடுத்து தேதி, ஆர்டர் எண், எத்தனை முறை கூப்பிட்டோம் என்கிற கணக்கு. அடுத்து அவமானம் நடந்த அந்தக் குறிப்பிட்ட இடம்: போனை வைத்துவிட்டார்கள், சிரித்தார்கள், பொய் சொல்கிறேன் என்றார்கள். கடைசியில் ஊருக்கு ஒரு வார்த்தை: வாங்கிடாதீங்க மக்களே.

முதல் வரியைக் கவனியுங்கள். பொருள் கெட்டுப்போனதைச் சொல்ல வந்தவர் உறவிலிருந்து ஆரம்பிக்கிறார். கிரெகுவார், ஃபிஷர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட கட்டுரையின் மையம் இதுதான்: நெருக்கமாக இருந்த வாடிக்கையாளர்தான், நியாயம் மீறப்பட்டதாக உணரும்போது, துரோகம் செய்யப்பட்டதாக நினைத்துப் பழிவாங்கக் கிளம்புகிறார். ஏமாற்றத்துக்கும் துரோகத்துக்கும் நடுவே பெரிய தூரம் உண்டு. ஏமாந்தவர் பணத்தைத் திருப்பிக் கேட்பார். துரோகம் செய்யப்பட்டவர் சாட்சி கேட்பார்.

*

சாட்சி கேட்கிற முறைகள் நம்மிடம் சமூக ஊடகத்துக்கு வெகுகாலம் முன்பிருந்தே உண்டு. மண்ணை வாரித் தூற்றுவது ஒன்று. அதைச் செய்கிறவர் எதிராளியின் வீட்டுக்குள் போய்ச் செய்வதில்லை. தெருவில் நின்று செய்வார், நாலு பேர் பார்க்கும்படி. பொள்ளாச்சி அருகே ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில், பொருளைப் பறிகொடுத்தவர்களும் ஏமாற்றப்பட்டவர்களும் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்கள். சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி வெட்டுடையார் காளியிடம் காசு வெட்டிப் போடுகிறார்கள். எதிராளி பணக்காரனாக இருக்கலாம், போலீஸில் ஆள் வைத்திருக்கலாம். அவனோடு பேசிப் பயனில்லை என்று தெரிந்த பிறகுதான் இந்த இடங்களுக்கு வருகிறார்கள். மூன்றாவது ஒரு முன்னிலை தேவைப்படுகிறது. அது அம்மனாக இருக்கலாம், ஊராக இருக்கலாம்.

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையைத்தான் நாம் மேடைகளில் பேசிக்கொண்டே இருக்கிறோம். அதற்கு முன்னால் ஊர்சூழ் வரி என்ற பகுதி இருக்கிறது. கண்ணகி அரண்மனைக்குப் போவதற்கு முன் மதுரைத் தெருக்களில் நடக்கிறாள். கையிலிருக்கும் ஒற்றைச் சிலம்பை ஊர்ப் பெண்களுக்குக் காட்டி, தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறாள். மன்னனிடம் வழக்கு உரைப்பது பிறகு. ஊருக்குத் தெரிவிப்பது முதலில். வரிசை தற்செயலானதல்ல என்பது என் வாசிப்பு. ஊர் கேட்ட பிறகுதான் அவள் அரசனுக்கு எதிரே தனி ஆளாக நிற்காமல் ஒரு வழக்காக நிற்க முடிகிறது.

மனு கொடுப்பது வேறு விஷயம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். பென்னாகரத்திலிருந்தும் தீர்த்தமலையிலிருந்தும் காலையிலேயே பஸ் ஏறி வந்து, மரத்தடியில் மனு எழுதித் தருபவரிடம் எழுதி வாங்கி, வரிசையில் நிற்பார்கள். மனு கீழிருந்து மேலே போவது. அதன் மொழியே குனிந்த மொழி: தாழ்மையுடன், கருணை கூர்ந்து. சமூக ஊடகப் புகார் பக்கவாட்டில் போவது. அதில் தாழ்மை கிடையாது. பெறுநர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயர் டேக் செய்யப்பட்டிருந்தாலும், உண்மையான பெறுநர் நாம்தான்.

கம்பெனிகளின் பதில் ஏன் ஒருபோதும் திருப்தி தருவதில்லை என்பதும் இங்கேதான் விளங்குகிறது. ‘ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், விவரங்களை டி.எம். செய்யவும்.’ இந்த இரண்டு வாக்கியங்களை ஒரு பிரதியாக எடுத்து விமர்சனம் செய்தால் போதும். ‘ஏற்பட்ட சிரமம்’ — யார் ஏற்படுத்தியது? எழுவாய் காணாமல் போய்விட்டது. மழை பெய்த மாதிரி சிரமம் தானாக ஏற்பட்டிருக்கிறது. அடுத்த வாக்கியம் இன்னும் சாமர்த்தியமானது. தெருவில் நின்று பேசுகிறவரைத் தோளில் கைபோட்டு, ‘வாங்க, உள்ள உக்காந்து பேசலாம்’ என்று அறைக்குள் கூட்டிப்போகிறது. அவர் வேண்டியது தெரு. அவருக்குக் கொடுக்கப்படுவது அறை.

*

நான் மென்பொருள்காரன். பெங்களூரில் சில வருடங்கள், பெயர் சொல்ல வேண்டாத ஒரு நிறுவனத்துக்காக, சமூக ஊடகப் புகார்களை டிக்கெட்டுகளாக மாற்றும் ஒரு திட்டத்தில் வேலை பார்த்தேன். பதிவு உள்ளே வந்ததும் அது ஒரு வரிசை ஆகிவிடும். எந்தத் தளம், என்ன மொழி, கோபத்தின் அளவு, எழுதியவரைப் பின்தொடர்பவர்கள் எத்தனை பேர், முன்னுரிமை. இதில் பின்தொடர்பவர் எண்ணிக்கை முன்னுரிமையைத் தீர்மானிக்கிற காரணிகளில் ஒன்று. ஒன்றைத் தீர்க்கிற அவசரம், எத்தனை பேர் பார்க்கக்கூடும் என்பதோடு சேர்ந்து கூடும். டிக்கெட்டுக்கு ஐந்து நிலைகள். ‘வாடிக்கையாளர் பதிலுக்காகக் காத்திருப்பு’ என்ற நிலைக்குத் தள்ளிவிட்டால், குறிப்பிட்ட மணி நேரத்தில் பதில் வராதபோது டிக்கெட் தானாக மூடிக்கொள்ளும். டி.எம். செய்யச் சொல்வது அந்த நிலைக்குத் தள்ளுகிற எளிய வழி. அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. வரிசை நீளமாக இருக்கிறது, ஆட்கள் குறைவாக இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஊரைக் கூட்டிச் சொன்ன ஒன்று, திரைக்குப் பின்னால் இப்படித்தான் ஊரிலிருந்து பிரிக்கப்படுகிறது.

அந்த நாட்களிலேதான் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் விவகாரமும் நடந்தது. தருமபுரி டவுனில் ஒரு ஷோரூமில் பொங்கல் ஆஃபரில் வாங்கியது. ஏழாம் மாதம் கம்ப்ரஸர் போனது. சர்வீஸ் சென்டர் சேலத்தில் இருந்தது. கட்டணமில்லா எண்ணுக்குக் கூப்பிட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லி, கடைசியில் அப்பாவுக்குப் புரியாத மொழியில் ஒருவர் பேசினார். இரண்டு மாதம் இப்படிப் போனது. ஊருக்குப் போனபோது விஷயம் தெரிந்து நான் ட்விட்டரில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. அந்த வாரமே ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனார்.

அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். “ரெண்டு மாசமா நான் கத்துனது காதுல விழல. நீ இங்கிலீஷ்ல நாலு வரி எழுதினதும் விழுந்திருச்சா?” என்றார். அதற்குப் பிறகும் டீக்கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில், பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம், அந்த ஃப்ரிட்ஜ் கதையை அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். “அந்தக் கடைப் பக்கம் மட்டும் போயிராதப்பா.” ஃப்ரிட்ஜ் ஓடியது, கதையும் ஓடியது. ஒரு வருடம் கழித்துச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் ஷோரூம்காரரே எதிரில் வந்து, நாலு பேர் இருக்கையில், “தப்பு எங்க பேர்லதாண்ணா, நாங்களே கூப்ட்டு கேட்டிருக்கணும்” என்று சொன்னார். அதோடு அப்பா அந்தக் கதையை விட்டுவிட்டார். பணமோ பொருளோ அன்றைக்குக் கைமாறவில்லை.

*

2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடந்த சொமேட்டோ விவகாரத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். ஒரு வாடிக்கையாளரின் ஆர்டரில் ஒரு பொருள் வரவில்லை. ரீஃபண்ட் கேட்டார். உணவகத்தோடு பேசுவதில் மொழிச் சிக்கல் இருப்பதாகச் சேவைப் பிரிவு ஊழியர் சொன்னார். தமிழ் தெரிந்தவர்களை வேலைக்கு வையுங்கள் என்றார் இவர். இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் வெளியானது. மறுநாள், அக்டோபர் 19 அன்று, ‘ரிஜெக்ட் சொமேட்டோ’ நாடு முழுக்க டிரெண்ட் ஆனது.

அன்றைக்குக் குரல் கொடுத்தவர்களில் அப்போதைய எங்கள் தருமபுரி எம்.பி. செந்தில்குமாரும் ஒருவர். இந்தி எப்போது தேசிய மொழி ஆனது, தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்கு ஏன் இந்தி தெரிந்திருக்க வேண்டும் என்று நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்டார். எங்கள் ஊர் வாட்ஸப் குழுக்களில் அன்று அதுதான் பேச்சு. அந்தக் குழுக்களில் இருந்த பெரும்பாலோர் அந்த ஆப்பில் ஒரு சாப்பாடுகூட வாங்கியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு மோசமான வாடிக்கையாளர் அனுபவம் எதுவும் கிடையாது. ஆனாலும் கோபம் உண்மையானது. கட்டணமில்லா எண்ணில் புரியாத மொழியைக் கேட்டுப் போனை வைத்த ஒவ்வொருவரும் அந்த ஸ்கிரீன்ஷாட்டில் தன்னைப் பார்த்தார். விடுபட்ட சாப்பாடு அந்த ஒருவருடையது. ‘உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா’ என்ற தொனி எல்லோருக்கும் சொந்தம்.

நிறுவனம் தமிழிலும் மன்னிப்பு வெளியிட்டது. கோயம்புத்தூரில் தமிழ் சேவை மையம் அமைக்கும் வேலை நடப்பதாகச் சொன்னது. ஊர் கூடியதால் கிடைத்தது இது. ஆனால் இன்னொன்றும் நடந்தது. அந்த ஊழியரை வேலையைவிட்டு நீக்கினார்கள். சில மணி நேரம் கழித்து நிறுவனர் தீபிந்தர் கோயல், சேவை மையத்தில் ஒருவர் அறியாமல் செய்த தவறு தேசியப் பிரச்சினை ஆகிவிட்டது என்று எழுதி, அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். அந்தச் சில மணி நேரத்தைத்தான் நான் இன்றும் யோசிக்கிறேன்.

ஊர் கூடினால் அதற்கு ஒரு முகம் வேண்டும். நிறுவனத்துக்கு முகம் கிடையாது, லோகோதான் உண்டு. எந்த மொழியில் சேவை தருவது, ஒரு ஆள் ஒரே நேரத்தில் எத்தனை சாட்டுகளைக் கவனிப்பது, எத்தனை நிமிடத்தில் முடிப்பது என்று தீர்மானித்தவர்கள் ஸ்கிரீன்ஷாட்டில் வருவதில்லை. ஸ்கிரீன்ஷாட்டில் வருவது கடைசி ஆளின் பெயர். அது மாதச் சம்பளத்தில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருக்கிற ஒரு இருபத்துச் சொச்ச வயதுக்காரர். தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பெங்களூருக்கு ஞாயிறு ராத்திரி பஸ் ஏறுகிற பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த நாற்காலிகளில் இருக்கிறார்கள்! நம் கோபம் மேலே போகக் கிளம்பி, முதல் படியிலேயே யாரையோ அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. நிறுவனத்துக்கும் அது வசதி. ஒருவரை நீக்கினால் முடிந்துபோகிற பிரச்சினையை எந்த நிறுவனம்தான் விரும்பாது?

*

இப்போது மறுபடியும் ஓலாவுக்கு வருகிறேன். அந்த ஸ்கூட்டர்கள் செய்யப்படுவது கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கத்தில். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை அது எங்கள் தருமபுரி மாவட்டம். 2021 செப்டம்பரில், அந்தத் தொழிற்சாலை முழுக்கப் பெண்களால் நடத்தப்படும், 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்வார்கள் என்று நிறுவனம் அறிவித்தபோது எங்கள் பக்கம் அதைப் பெருமையாகத்தான் பேசினோம். மாங்காயும் குவாரியும் மட்டுமே அடையாளமாக இருந்த பகுதி.

2024 செப்டம்பர் 10 அன்று கர்நாடகத்தின் கலபுரகியில், வாங்கிச் சில வாரங்களே ஆன ஸ்கூட்டரின் பழுதைச் சரிசெய்து தரவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் ஓலா ஷோரூமுக்கே தீ வைத்தார். அக்டோபர் 6 அன்று நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா, சர்வீஸுக்காகக் குவிந்து நின்ற ஸ்கூட்டர்களின் படத்தைப் போட்டு, இந்திய நுகர்வோருக்குக் குரல் இருக்கிறதா என்று கேட்டார். நிறுவனர் பவிஷ் அகர்வால், காசு வாங்கிக்கொண்டு எழுதிய பதிவு என்று பதில் சொல்லி, கம்ராவின் தொழிலையும் கிண்டல் செய்தார். அடுத்த நாள் பங்கு விலை 8 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. அதே நாள் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை அந்த நிறுவனம் குறித்து வந்திருந்த புகார்கள் 10,644. அதில் 3,389 சர்வீஸ் தாமதம் பற்றியவை. 99.1 சதவீதத்தைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பிறகு சொன்னது.

இந்த எண்ணை நிதானமாகப் பாருங்கள். பத்தாயிரம் பேர் முறைப்படி, சத்தமில்லாமல், எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள். ஒரு வருடமாக அது எண்ணாகவே இருந்தது. நிறையப் பேர் பின்தொடர்கிற ஒருவர் ஒரு படத்தைப் போட்டதும் அது செய்தியாகியது. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதைதான் இதுவும், அளவு மட்டும் பெரியது. நோட்டீஸ் பதிவுக்குப் பிறகு வந்ததா, பதிவால் வந்ததா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் வெளியே இருந்து பார்க்கிற நுகர்வோர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: முறைப்படி சொன்னால் எண், ஊரைக் கூட்டிச் சொன்னால் செய்தி.

நிறுவனர் கோபப்பட்டது அவருடைய பெயருக்காக. முதலீட்டாளர்கள் கவலைப்பட்டது பங்குக்காக. நாடு முழுக்க ‘இந்தக் குப்பையை யாரும் வாங்காதீர்கள்’ என்று எழுதியபோது, அந்த வண்டியைப் பூட்டுகிற கைகள் எங்கள் பக்கத்துக் கைகள் என்பது யாருக்கும் நினைவில் வரவில்லை. வர வேண்டும் என்று நான் கேட்கவும் முடியாது. கெட்ட வண்டியை வாங்கியவர் அதைச் செய்த ஊரின் வேலைவாய்ப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வாயை மூட வேண்டும் என்று சொல்வது அநியாயம். அதே சமயம், எங்கள் ஊர்ப் பெண்ணின் வேலையும் எங்கள் ஊர் ஆளின் புகாரும் ஒரே வண்டியில் உட்கார்ந்திருக்கின்றன. அப்போது யார் பக்கம் நிற்பது என்று கேட்டால், புகாரின் பக்கம்தான் என்பேன். சர்வீஸுக்குப் போதுமான ஆள் போடாதது அசெம்பிளி லைனில் நிற்கிற பெண்ணின் முடிவல்ல. புகார் எவ்வளவு துல்லியமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது அவளைத் தாண்டிப் போய் முடிவெடுத்தவரைத் தொடும்.

*

துல்லியம் என்று சொன்னதும் சட்டம் ஞாபகம் வருகிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2019) நல்ல சட்டம். கம்பெனி குருகிராமில் இருந்தாலும் பாப்பாரப்பட்டிக்காரர் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 1915க்குப் பேசலாம். இவ்வளவு இருந்தும் நம் ஆட்கள் ஏன் போனை எடுத்து ஃபேஸ்புக் லைவ் போகிறார்கள்? விழிப்புணர்வு இல்லை என்பது வழக்கமான பதில். பாதி உண்மை. மீதிப் பாதி, ஆணையம் பணத்தை வாங்கித் தரும், இழப்பீடு தரும், ஆனால் ஊரைத் தராது. தீர்ப்பு வருகிற அன்று அங்கே இருப்பது இரண்டு வக்கீல்களும் ஒரு கட்டுக் காகிதமும்தான். அவமானம் தெருவில் நடந்திருக்கிறது, நியாயம் அறைக்குள் கிடைக்கிறது.

சமூக ஊடகமோ ஊரைத் தருகிறது, முடிவைத் தருவதில்லை. அதன் பெரிய குறையாக நான் பார்ப்பது இதைத்தான், பொய்ப் புகார்களைவிடவும். புகார்ப் பதிவுகளுக்கு முதல் பாதி மட்டுமே உண்டு. என்ன ஆயிற்று, யார் வந்தார், எந்த அளவுக்குச் சரியானது என்று திரும்ப வந்து எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. கோபம் அங்கேயே நிற்கிறது. ஐந்து வருடம் கழித்துத் தேடுகிறவர் கையிலும் அதே சூட்டோடு கிடைக்கிறது. அந்த ஊழியரின் பெயர் இருந்தால் அதுவும் கிடைக்கிறது.

ஆனைமலையில் மிளகாய் அரைத்துப் பூசியவருக்கு ஒரு கடமை உண்டு. காரியம் முடிந்ததும் திரும்பப் போய் அம்மனைக் குளிர்விக்க வேண்டும். பூசிய காந்தல் அப்படியே இருந்துவிடக் கூடாது என்பது வழக்கம். மிளகாய் அரைக்கத் தெரிந்த சமூகம் குளிர்விக்கவும் ஒரு முறை வைத்திருந்தது. எழுதுங்கள், ஊரைக் கூட்டுங்கள், தாழ்மையுடன் என்று ஆரம்பிக்காதீர்கள். ஆர்டர் எண்ணைப் போடுங்கள், ஊழியரின் பெயரை மறைத்துவிடுங்கள், முடிவெடுத்தவரைக் கேளுங்கள். சரியானால் அதையும் அதே தெருவில் வந்து சொல்லுங்கள். சரியாகவில்லை என்றால் அதையும். கேட்ட ஊருக்கு மீதிக் கதை கடன்.